ஞாயிற்றுக்கிழமை மூடியிருந்த கடை

பிரான்சில், நார்மண்டி பகுதியில் அலன்சோன் என்று ஒரு ஊர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே ஒரு கடிகாரக் கடை இருந்தது. கூடவே கொஞ்சம் நகை வியாபாரமும் உண்டு. கடைக்காரர் பெயர் லூயி மார்ட்டின். சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனங்கள் டவுனுக்கு வந்து சாமான் வாங்குவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். லூயியோ ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கவே மாட்டார். நண்பர்கள் சொல்லிப் பார்த்தார்கள். முன்கதவைச் சாத்திவிட்டு பக்கவாட்டுக் கதவையாவது திறந்து வைத்தால் என்ன என்றார்கள். அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

பி.காம். படிக்கிற யாரைக் கேட்டாலும் இது நஷ்டக் கணக்கு என்றுதான் சொல்வார்கள். வாரத்தில் அதிகமாக விற்பனை ஆகிற நாளில் கடையை மூடு என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தருவதில்லை!

இந்தக் கடைக்காரரையும் அவர் மனைவி செலியையும் 2015 அக்டோபர் 18 அன்று போப் பிரான்சிஸ் புனிதர்களாக அறிவித்தார். கணவன் மனைவி இருவரையும் தம்பதியாகவே சேர்த்துப் புனிதர் பட்டம் கொடுத்தது அதுதான் முதல் முறை. லூயி தன் மதத்துக்காகச் சாகவில்லை. செலி காட்சி எதுவும் காணவில்லை. இருவரும் மடம் எதையும் நிறுவவில்லை. கடை நடத்தினார்கள், பிள்ளை வளர்த்தார்கள், நோயில் விழுந்து இறந்தார்கள். அப்படியானால் புனிதர் என்ற சொல்லுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை என்னதான் அர்த்தம் வைத்திருக்கிறது?

யார் புனிதர்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. கத்தோலிக்கர்கள் புனிதர்களைக் கும்பிடுகிறார்கள், ஆகவே அவர்களுக்குப் பல தெய்வங்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். திருச்சபையின் போதனை வேறு. ஆராதனை கடவுள் ஒருவருக்கே. புனிதர்களுக்குச் செலுத்துவது வணக்கம், அதாவது மரியாதை. அவர்களிடம் கேட்பதும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பதைத்தான். கஷ்ட காலத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் "எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று சொல்கிற மாதிரிதான் இதுவும். பாட்டி உயிரோடு இருக்கிறார், புனிதர் விண்ணகத்தில் இருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த விஷயம், திருச்சபை யாரையும் புனிதர் ஆக்குவதில்லை. ஏற்கெனவே கடவுளோடு இருக்கிறார் என்று நம்பப்படுகிறவரை விசாரித்து, "ஆம், இருக்கிறார்" என்று உறுதி சொல்கிறது. அந்த விசாரணைக்குப் படிகள் உண்டு. விசாரணை தொடங்கும்போது அவர் "இறை ஊழியர்". நற்பண்புகளில் தலைசிறந்து வாழ்ந்தார் என்று முடிவானால் "வணக்கத்துக்குரியவர்". அவரிடம் வேண்டியதால் நடந்த ஒரு புதுமை (அற்புதத்துக்கு கத்தோலிக்கர்கள் சொல்கிற பெயர்) ஏற்கப்பட்டால் "அருளாளர்". இன்னொரு புதுமையும் ஏற்கப்பட்டால் "புனிதர்". விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளுக்கு மட்டும் அருளாளர் படிக்குப் புதுமை தேவையில்லை. 1752ல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளை 2012ல் அருளாளரானது அப்படித்தான். 2022ல் அவர் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார்.

மறைசாட்சிக்கு அவர் சிந்திய ரத்தமே அத்தாட்சி. கடைக்காரருக்கு எது அத்தாட்சி?

இரண்டாம் தரமா?

நெடுங்காலமாகச் சாதாரணக் கத்தோலிக்கர்களின் மனதில் ஒரு ஏணி இருந்தது. மேல்படியில் குருக்களும் துறவிகளும். கீழ்ப்படியில் கல்யாணம் கட்டி, பிழைப்பைப் பார்க்கிறவர்கள். பரிசுத்தம் மேலே இருப்பவர்களின் வேலை, கீழே இருப்பவர்கள் பெரிய பாவம் செய்யாமல் இருந்தால் போதும் என்ற எண்ணம்.

லூயிக்கும் செலிக்கும்கூட ஆரம்பத்தில் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். லூயி இளைஞராக இருந்தபோது ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் பெரிய புனித பெர்நார்து மடத்தில் சேரப் போனார். லத்தீன் தெரியாது என்று திருப்பி அனுப்பினார்கள். ஊருக்கு வந்து லத்தீன் படிக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். செலி கன்னியர் மடத்தில் இடம் கேட்டார். மடத்துத் தலைவி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்படி மடத்தால் மறுக்கப்பட்ட இருவர் 1858ல் கல்யாணம் செய்துகொண்டார்கள். அப்போதும் முதல் பத்து மாதம் அண்ணன் தங்கை போலவே வாழ்ந்தார்கள். அப்படி வாழ்வதுதான் கடவுளுக்கு உகந்தது என்று நினைத்தார்கள். ஒரு குருவானவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் மனம் மாறினார்கள். பிறகு ஒன்பது பிள்ளைகள்!

அந்த ஏணியைத் திருச்சபை அதிகாரபூர்வமாகக் கீழே இறக்கி வைத்தது இன்னும் நூறாண்டு கழித்து. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21 அன்று "லூமென் ஜென்சியும்" என்ற ஏட்டை வெளியிட்டது. அதன் ஐந்தாம் அதிகாரம் முழுக்க இதைப் பற்றித்தான். பரிசுத்தத்துக்கான அழைப்பு எல்லோருக்கும் உரியது, எந்த நிலையில் எந்தத் தொழிலில் இருந்தாலும் உரியது என்கிறது. குருக்களுக்கு ஒரு பரிசுத்தம், கூலித் தொழிலாளிக்கு அதைவிட மட்டமான இன்னொரு பரிசுத்தம் என்று இரண்டு ரகம் கிடையாது. 2018ல் போப் பிரான்சிஸ் எழுதிய மடலில் அடுத்த வீட்டில் வாழ்கிற புனிதர்களைப் பற்றிச் சொன்னதும் இதே கருத்தின் தொடர்ச்சிதான்.

ஒரு சதுர சென்டிமீட்டர், ஏழு மணி நேரம்

மார்ட்டின் வீட்டில் அதிக வருமானம் கடிகாரத்திலிருந்து வரவில்லை, செலியின் லேஸ் தொழிலிலிருந்து வந்தது. அலன்சோன் லேஸ் ஊசியால் செய்யப்படுவது. 2010ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த கலை இது. ஒரு சதுர சென்டிமீட்டர் லேஸ் செய்ய ஏழு மணி நேரம் ஆகும் என்றால் வேலையின் நுணுக்கத்தை யோசித்துப் பாருங்கள்.

செலி 1853ல், இருபத்தொரு வயதில், சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பெண்கள் தங்கள் வீட்டிலிருந்தே துண்டு துண்டாகப் பின்னி, வியாழக்கிழமைகளில் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்தத் துண்டுகளை இணைப்பு தெரியாமல் சேர்ப்பது செலியின் வேலை. தொழில் வளர்ந்தது. 1870ல் லூயி தன் கடிகாரக் கடையை விற்றுவிட்டு மனைவியின் தொழிலுக்குத் துணையாக வந்துவிட்டார். ஆர்டர் பிடிக்க பாரிஸ் வரை அலைந்தார். அந்தக் காலத்தில் எத்தனை கணவர்கள் அப்படிச் செய்திருப்பார்கள்?

செலி எழுதிய கடிதங்களில் இருநூறுக்கும் மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. புனிதரின் கடிதம் என்று பயபக்தியோடு பிரித்தால் ஏமாற்றமாக இருக்கும். ஆர்டர் குவிந்துவிட்டது, தூக்கம் இல்லை, இந்த லேஸால்தான் தன் வாழ்க்கை கஷ்டமாகிறது என்ற புலம்பல். பிள்ளைகளுக்குக் காய்ச்சல். மூன்றாவது மகள் லெயோனி சொன்ன பேச்சு கேட்பதில்லை, பள்ளியில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள் என்ற கவலை. நடுநடுவே கடவுள். கடவுளைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கவில்லை, அதே பக்கத்தில் காய்ச்சலோடும் கணக்கோடும் கடவுளும் வருகிறார்.

நடக்காத புதுமை

இதுவரை படித்தால் உழைப்பால் உயர்ந்த நல்ல குடும்பக் கதை மாதிரி இருக்கும். நல்லவர்களாக இருந்தார்கள், கடவுள் ஆசீர்வதித்தார், சுபம். ஆனால் கதை அப்படிப் போகவில்லை.

1867 முதல் 1870 வரை, நான்கே ஆண்டுகளுக்குள், நான்கு பிள்ளைகள் இறந்தார்கள். இரண்டு ஆண் குழந்தைகள், ஐந்து வயது எலேன், பிறகு ஒரு பெண் குழந்தை. இப்படிச் சாகிற பிள்ளைகள் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று சிலர் செலிக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்தப் பேச்சைத் தன்னால் தாங்கவே முடியவில்லை என்று தம்பி மனைவிக்கு எழுதினார் செலி.

பிறகு அவருக்கு மார்பகப் புற்றுநோய். 1877 ஜூன் மாதம் மூத்த மகள்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு லூர்து நகருக்குத் திருப்பயணம் போனார். மாதா காட்சி கொடுத்த இடம், பலர் குணமான இடம். செலியும் அந்தத் தண்ணீரில் இறங்கினார், வேண்டினார். குணமாகவில்லை. வலியோடு திரும்பி வந்தவர் அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று இறந்தார். வயது 45. கடைசி மகளுக்கு அப்போது நான்கு வயது.

லூயி ஐந்து மகள்களையும் கூட்டிக்கொண்டு, மைத்துனர் வீடு இருந்த லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார். மகள்கள் ஒவ்வொருவராக மடத்துக்குப் போனார்கள். வயதான காலத்தில் அவருக்கு மூளை பாதித்தது. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போனார், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. 1889 பிப்ரவரியில் கான் நகரில் இருந்த மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுக்கு மேல் அங்கேயே இருந்தார். சின்ன மகளை மடத்துக்கு அனுப்பிய துக்கத்தில்தான் இப்படி ஆகிவிட்டார் என்று ஊர் பேசியது. மடத்துக்குள் இருந்த மகள்களின் காதிலும் அது விழுந்தது. வீட்டுக்குத் திரும்பி வந்தும் அவர் பழையபடி ஆகவில்லை. 1894ல் இறந்தார்.

மனநல மருத்துவமனையில் கிடந்த ஒருவரைப் பீடத்தில் வைத்திருக்கிறது திருச்சபை. புனிதம் என்பது வாழ்க்கையில் ஜெயிப்பதும் இல்லை, எப்போதும் தெளிவாகவும் அமைதியாகவும் இருப்பதும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? வீட்டில் மனநோயாளியை வைத்துக்கொண்டு ஊருக்குப் பயந்து வாழ்கிற குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இப்போது அந்த இரண்டு புதுமைகளுக்கு வருவோம். முதலாவது, 2002ல் இத்தாலியின் மோன்சாவில் நுரையீரல் கோளாறோடு பிறந்த ஆண் குழந்தை பிழைத்தது. அதை ஏற்று 2008ல் லிசியேயில் இருவரும் அருளாளர்களாக அறிவிக்கப்பட்டார்கள். இரண்டாவது, 2008ல் ஸ்பெயினின் வலென்சியாவில் குறைமாதத்தில் பிறந்து, மூளையில் ரத்தக் கசிவோடு போராடிய பெண் குழந்தை பிழைத்தது.

இரண்டுமே பச்சிளம் குழந்தைகள்! சொந்தக் குழந்தைகளைக் காப்பாற்ற முடியாமல் அடக்கம் செய்த தம்பதியிடம்தான் அந்தப் பெற்றோர்கள் வேண்டினார்கள்.

இதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். இவர்களிடம் வேண்டியும் குழந்தையை இழந்த பெற்றோரும் இருப்பார்கள். செலியின் பிள்ளைகளை ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்விக்குத் திருச்சபையிடம் கணக்குப் போட்ட மாதிரி விடை கிடையாது. ஆனால் ஒன்று தெரிகிறது. தாங்கள் கேட்டது கிடைத்ததால் இந்த இருவரும் புனிதர்கள் ஆகவில்லை. கேட்டது கிடைக்காத பிறகும் கேட்டவரை விட்டு விலகாததால் ஆனார்கள்.

சில ஆட்சேபங்கள்

கல்யாணம் ஆனவர்களுக்கு முன்மாதிரி என்கிறார்கள், ஆனால் உயிரோடு இருந்த ஐந்து மகள்களும் கன்னியர்கள் ஆனார்களே, இது என்ன சாதாரணக் குடும்பம் என்று கத்தோலிக்கர்களே கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இவர்கள் வசதியான குடும்பம் என்பதும் உண்மை. கடைசி மகள் தெரேசா வேறு, உலகமே அறிந்த "சிறுமலர்". 1925ல் புனிதர், 1997ல் திருச்சபையின் மறைவல்லுநர். அந்த மகள் இல்லையென்றால் அலன்சோன் கடைக்காரரை யார் தேடியிருப்பார்கள்?

தேடியிருக்க மாட்டார்கள் என்பதுதான் பதில். அதில்தான் விஷயமும் இருக்கிறது. 24 வயதில் காசநோயால் இறந்துகொண்டிருந்த தெரேசாவைப் பற்றியே, இவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று மடத்தில் ஒரு சகோதரி சொன்னாராம். பெரிய சாதனை எதுவும் செய்யாமல், சின்னச் சின்னக் காரியங்களைப் பெரிய அன்போடு செய்வதைத்தான் தெரேசா தன் "சிறு வழி" என்றார். அதை அவர் மடத்தில் மட்டும் கற்றிருக்க முடியாது. அப்பா மூடிய கடையிலும் அம்மா இணைத்த லேஸிலும் அது ஏற்கெனவே இருந்தது.

அந்த அடங்காத லெயோனி என்ன ஆனார் தெரியுமா? மடத்தில் சேருவதும் வெளியே வருவதுமாகப் பலமுறை தோற்று, 1899ல்தான் கான் நகர மடத்தில் நிலைத்தார். 1941ல் இறந்தார். 2015ல் அவருக்கும் விசாரணை தொடங்கி, இப்போது "இறை ஊழியர்".

அப்படியானால் தினமும் வேலைக்குப் போய்வருகிற எல்லோரும் புனிதர்களா என்று கேட்கலாம். இல்லை. கடை நடத்துவது புனிதம் இல்லை, எல்லோரும்தான் நடத்துகிறார்கள். யாரும் பார்க்காத பக்கவாட்டுக் கதவைக்கூடத் திறக்காமல் இருந்ததில்தான் அது இருக்கிறது. லூயிக்கு அதில் காசு போனது. எதுவும் போகாமல் வருவது வெறும் நல்ல பெயர். வணிகவியலில் அதற்கு "குட்வில்" என்று பெயர், விலை போட்டு விற்கவும் செய்யலாம்!

ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாள். பட்டியலில் பெயர் வந்தவர்களுக்குத் தனித்தனியாகத் திருநாள் உண்டு. இந்த நாள் பெயர் வராதவர்களுக்கும் சேர்த்து. மகள் பிரபலமாகாததால் யாரும் தேடாமல் விட்ட கடைக்காரர்கள், தையல்காரிகள், மருத்துவமனைக் கட்டிலில் புத்தி கலங்கிக் கிடந்த அப்பாக்கள், லூர்துக்குப் போய்க் குணமாகாமல் திரும்பிய அம்மாக்கள் எல்லோரும் அதில் அடக்கம். அடுத்த நாள் கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குப் போகிற குடும்பங்கள், முந்தின நாள் திருநாள் யாருடையது என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் போகலாம். ஒருவேளை அந்தத் திருநாளுக்குரியவர் அவர்கள் வீட்டுக் கல்லறையிலேயே இருக்கலாம்.