கலங்கரை விளக்கத்து மேல ஏறி, முதல்ல கடலைப் பாருங்க

1/ மாமல்லபுரம் போனா கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறை எல்லாம் பார்த்துட்டு, கடைசியா கடல்ல இறங்கி ஆட்டம் போட்டுட்டுத்தான் நம்மில் பலர் திரும்புவோம். அடுத்த முறை வரிசையை மட்டும் மாத்துங்க. முதல்ல கலங்கரை விளக்கம், அப்புறம் கடல். ஏன்னு ஒரு டாக்டரா சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டூட்டி இல்ல. மயிலாப்பூர்ல இருந்து அக்கா பையனைக் கூட்டிக்கிட்டு ஈ.சி.ஆர். வழியா போனேன். அவனுக்கு 11 வயசு. சாந்தோம் பக்கத்துல 1977-ல திறந்த நம்ம மெரினா கலங்கரை விளக்கத்துல லிஃப்ட்டே இருக்கு. மாமல்லபுரத்துல அதெல்லாம் கிடையாது. குறுகலான சுழல் படி. உச்சிக்குப் போறதுக்குள்ள எனக்குத்தான் மூச்சு வாங்குச்சு, அவன் ஏறிட்டு மேல இருந்து சிரிக்கிறான்.

3/ கொஞ்சம் வரலாறு. இப்போ நாம ஏறுற கல் கோபுரம் 1904-ல இருந்து எரியுது. அதுக்கு முன்னாடி பக்கத்துப் பாறை மேல இருக்கிற பல்லவர் காலத்து ஒலக்கண்ணேஸ்வரர் கோயில் உச்சியிலதான் விளக்கு வெச்சிருந்தாங்க. கோயிலுக்குக் கீழேயே மகிஷாசுரமர்த்தினி குகை. மேல கப்பலுக்கு வழிகாட்டுற விளக்கு, கீழ மகிஷனோட சண்டை போடுற துர்க்கை. ஒரே பாறையில இவ்வளவு விஷயம். பொதுமக்கள் ஏற அனுமதிச்சது 2011-ல. பக்கத்துல அருங்காட்சியகமும் இருக்கு, விட்டுடாதீங்க.

4/ மேல நின்னு கிழக்கே பார்த்தா கடற்கரைக் கோயில், மீன்பிடிப் படகுகள், அலைச்சறுக்குப் பண்ற பசங்க எல்லாம் ஒரே பார்வையில தெரியும். அலை உடையற இடம் கரைக்கு இணையா வெள்ளைக் கோடு மாதிரி நீளமா ஓடுது. ஆனா நடுவுல ஒரு இடத்துல மட்டும் அந்தக் கோடு அறுந்து, தண்ணி கொஞ்சம் கருப்பா, அமைதியா இருந்துச்சு. பையன் கை நீட்டிக் கேட்டான்: “மாமா, அங்க மட்டும் அலையே இல்ல. அங்க குளிச்சா சேஃப் தானே?”

5/ பெரியவங்களும் அப்படித்தான் நினைக்கிறாங்க. உண்மை நேர்மாறு. அலை அலையா கரைக்கு வந்து சேர்ற தண்ணி எப்படியாவது திரும்பிப் போகணும் இல்லையா? மணல் திட்டுக்கு நடுவுல பள்ளமான இடம் கிடைச்சா, அது வழியா ஆறு மாதிரி கடலுக்குள்ள பாயும். பள்ளத்துல ஆழம் அதிகம், அதனால அலை அங்க உடையாது. அதனாலதான் அமைதியாத் தெரியுது. இதுதான் ‘ரிப் கரன்ட்’, இழுப்பு நீரோட்டம். வேகமா இருக்கும்போது நொடிக்கு 2 மீட்டரைக்கூடத் தாண்டும். அதை எதிர்த்து நீச்சல் வீரர்களே திணறுவாங்க.

6/ இறங்கி வந்து கடற்கரையில, போர்டைக் கையில் இடுக்கிக்கிட்டு நின்ன ஒரு தம்பிகிட்ட அந்த இடத்தைக் காட்டிக் கேட்டேன். மீனவக் குடும்பத்துப் பையன். சிரிச்சுக்கிட்டே சொன்னான்: “அண்ணா, நாங்க அந்த வழியாத்தான் உள்ள போவோம். துடுப்பே போட வேணாம், அதுவே இழுத்துட்டுப் போயிடும். டூரிஸ்ட்டுங்களும் தெரியாம அங்கதான் இறங்குவாங்க. நாங்கதான் போய்த் தூக்கிட்டு வருவோம்.” ஒரே நீரோட்டம். தெரிஞ்சவனுக்கு வாகனம், தெரியாதவனுக்கு எமன்.

7/ இந்தக் கடலைச் சாதாரணமா நினைக்காதீங்க. 2025 ஆகஸ்ட்ல ஆசிய அலைச்சறுக்குச் சாம்பியன்ஷிப் இதே மாமல்லபுரத்துல நடந்துச்சு. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். ஆசியப் போட்டி நடத்துற அளவுக்கு அலை இருக்கிற கடல்ல, வயிறு முட்டச் சாப்பிட்டுட்டோ, ரெண்டு பீர் போட்டுட்டோ, ஜீன்ஸ் பேன்ட்டோட நாம இறங்குறோம்.

8/ இனி ஆஸ்பத்திரிக் கதை. நான் பயிற்சி மருத்துவரா இருந்தப்போ ஒரு காணும் பொங்கல் அன்னைக்கு, 19 வயசுப் பையனை நாலு நண்பர்கள் ஆட்டோவுல தூக்கிட்டு வந்தாங்க. எல்லார் மேலயும் ஈரத்துணி, மணல். “வயித்தை நல்லா அமுக்கித் தண்ணி எடுத்துட்டோம் சார்.” கால் மணி நேரமா அதைத்தான் செஞ்சிருக்காங்க. மூச்சு யாரும் கொடுக்கல. நாங்க எவ்வளவோ முயற்சி பண்ணினோம். அவன் பிழைக்கல.

9/ அந்த நாலு பேர்ல ஒருத்தன் வார்டு வாசல்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டான்: “வேற என்ன சார் பண்ணியிருக்கணும்?” அவங்க மேல தப்பே இல்ல. சினிமாவுல பார்த்ததைச் செஞ்சாங்க. நண்பனோட உடல் உள்ள இருக்கும்போது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற மனசு எந்த டாக்டருக்கும் வராது. ஆனா இன்னும் கடலுக்குப் போகாத உங்களுக்குச் சொல்லலாம். இந்த இழையே அந்தப் பதில்தான்.

10/ முதல் விஷயம்: மூழ்குறவங்க பெரும்பாலும் கத்த மாட்டாங்க. மூச்சு விடவே முடியாதவங்களால எப்படிக் கத்த முடியும்? வாய் தண்ணிக்கு மேலயும் கீழயுமா போகும், தலை பின்னால சாயும், கை பக்கவாட்டுல தண்ணியை அமுக்கும். பார்க்கிறவங்களுக்கு விளையாடுற மாதிரி இருக்கும். ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். அதனால குழந்தை கடல்ல இருந்தா நீங்க ஒரு கை நீட்டுற தூரத்துல இருக்கணும். போன் பையில இருக்கணும்.

11/ ரெண்டாவது: காப்பாத்தக் குதிக்காதீங்க. பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்ல வெள்ளையா ஒரு வளைவு மண்டபம் இருக்கே, சினிமாவுல எல்லாம் வருமே, அது ஷ்மிட் நினைவுச்சின்னம். 1930 டிசம்பர் 30 அன்னைக்கு அங்க மத்தவங்களைக் காப்பாத்தப் போய்த் தானே மூழ்கி இறந்த ஒருத்தரோட நினைவா கட்டினது. அது முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்கிறோம், ஆனா அது சொல்ற எச்சரிக்கையைப் படிக்கிறதில்ல. ஒருத்தர் மூழ்க, காப்பாத்தப் போன அண்ணனும் மூழ்குறது இன்னைக்கும் நடக்குது.

12/ அப்போ என்ன செய்யணும்? மிதக்கிற எதையாவது தூக்கிப் போடுங்க. மூடி போட்ட காலி வாட்டர் கேன், பந்து, தெர்மாகோல் பெட்டி, கயிறு, எதுவானாலும் சரி. கத்தி ஆள் கூப்பிடுங்க. உயிர்காப்பாளர், மீனவர், அலைச்சறுக்கு வீரர், இவங்கள்ல யார் பக்கத்துல இருந்தாலும் உங்களை விட நூறு மடங்கு நல்லது. ஒருத்தர் உடனே 108-க்கு போன் போடட்டும்.

13/ நீங்களே இழுப்புல மாட்டிக்கிட்டா? கரையைப் பார்த்து நீந்தாதீங்க. களைச்சுப் போறதுதான் ஆளைக் கொல்லுது. அந்த நீரோட்டம் உங்களைக் கீழ இழுக்காது, வெளியதான் இழுக்கும். மல்லாந்து மிதங்க, கையைத் தூக்கிக் காட்டுங்க. நீச்சல் தெரிஞ்சா கரைக்கு இணையா நீந்துங்க. இழுப்பு அகலமா இருக்காது, சீக்கிரம் வெளிய வந்துடலாம். அப்புறம் அலை உடையற பக்கமா கரைக்குத் திரும்புங்க.

14/ கரைக்குக் கொண்டு வந்தாச்சு. வயித்தை அமுக்காதீங்க, தலைகீழாத் தூக்காதீங்க, சுத்தாதீங்க. கொல்றது ஆக்சிஜன் இல்லாம போறது. நுரையீரலுக்குள்ள போன தண்ணி பெரும்பாலும் கொஞ்சம்தான். வயித்தை அமுக்கினா சாப்பிட்டது மேல வந்து நுரையீரலுக்குள்ள போகும். ரத்த ஓட்டம் நின்னு 4 நிமிஷம் ஆனாலே மூளை பாதிக்க ஆரம்பிச்சிடும். அமுக்கிக்கிட்டிருக்க அங்க நேரமே இல்ல.

15/ தோளைத் தட்டிக் கூப்பிடுங்க. பதில் இல்ல, மூச்சும் சரியா இல்லன்னா: மல்லாக்கப் படுக்க வெச்சு, தலையைப் பின்னால சாய்ச்சு, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடிச்சு, வாயோட வாய் வெச்சு 2 முறை ஊதுங்க. நெஞ்சு எழும்பணும். அடுத்து நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வெச்சு 30 அழுத்து, நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 வேகம், பெரியவங்களுக்கு 5 செ.மீ. ஆழம். மறுபடி 2 மூச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. மாரடைப்புல நெஞ்சழுத்தம் முதல்ல. மூழ்கினவங்களுக்கு மூச்சு முதல்ல. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வெச்சுக்குங்க. மூச்சு கொடுக்கவே முடியலைன்னாலும் அழுத்தத்தையாவது செய்யுங்க.

16/ மூச்சு இருக்கு, நினைவு மட்டும் இல்லன்னா ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. எழுந்து உக்காந்துட்டாலும் இருமல், மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தா “டீ குடிச்சா சரியாயிடும்”னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. நுரையீரல்ல பாதிப்பு சில மணி நேரம் கழிச்சும் அதிகமாகலாம். ஆஸ்பத்திரியில வெச்சுக் கவனிக்கணும்.

17/ உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2023-ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் தண்ணியில மூழ்கி இறந்திருக்காங்க. இந்தியாவுல வருஷத்துக்கு 30 ஆயிரத்துக்கும் மேல. இதுக்கு ஊசி, மருந்து எதுவும் புதுசாக் கண்டுபிடிக்க வேண்டியதில்ல. நீச்சல், முதலுதவி, கொஞ்சம் பயம், இது மூணும் போதும்.

18/ ஒரு கடைசி விஷயம். துறைமுகம் கட்டுறதுக்கு முன்னாடி சென்னைக்கு வந்த கப்பலெல்லாம் ஆழத்துலயே நிக்கும். ஆணி அடிக்காம கயித்தால தைச்ச மசூலா படகுலதான் அலையைத் தாண்டி ஆட்களைக் கரை சேர்ப்பாங்க. படகு கவிழ்ந்தா தூக்கக் கட்டுமரக்காரங்க கூடவே வருவாங்க. நம்ம கரையோட முதல் உயிர்காப்பாளர்கள் அந்த மீனவர்கள்தான். இன்னைக்கு மாமல்லபுரத்துலயும் கோவளத்துலயும் போர்டோட நிக்கிற பல பசங்க அதே மீனவக் குப்பத்துப் பிள்ளைகள். தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க: “தம்பி, இன்னைக்கு இழுப்பு எங்க இருக்கு?”

19/ அவன் “இன்னைக்கு வேணாம்ணா”ன்னு சொன்னா, கரையில உக்காந்து மாங்கா, சுண்டல் சாப்பிட்டுட்டு வந்துடுங்க. கடல் எங்கயும் போகாது. லீவுல ஈ.சி.ஆர். பக்கம் கிளம்பத் திட்டம் போடுற உங்க குடும்ப குரூப்ல, காலேஜ் பசங்க குரூப்ல இந்த இழையைப் போட்டு விடுங்க. குறிப்பா 14-வதையும் 15-வதையும். சந்தேகம் இருந்தா கேளுங்க, டூட்டி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.