பத்தாயிரம் யென் நோட்டு செல்லாத திருவிழா!

டோக்கியோவின் கடலோரத்தில், கவிழ்த்துப் போட்ட பிரமிடுகளைப் போல நிற்கிறது 'டோக்கியோ பிக் சைட்' அரங்கம். ஆகஸ்டிலும் டிசம்பர் கடைசியிலும் இங்கேதான் 'காமிகெட்' என்ற காமிக்ஸ் சந்தை. 1975-ல் வெறும் 32 குழுக்களோடு ஆரம்பித்தது. இன்றைக்கு ஒரே நாளில் லட்சம் பேருக்கு மேல் கூடுகிறார்கள்.

ரசிகர்களே கதை எழுதி, படம் வரைந்து, அச்சடித்து, மேஜை போட்டு விற்கிற புத்தகங்கள்தான் விசேஷம். பல புத்தகங்கள் சில நூறு பிரதிகள்தான், தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதனால் முதன்முறை போகிறவர்கள் எந்த அரங்கு, எந்த மேஜை என்று முன்பே குறித்துக்கொள்கிறார்கள். அதைவிட முக்கியம், சில்லறை! 500 யென் புத்தகத்துக்கு 10,000 யென் நோட்டை நீட்டினால் மேஜைக்காரர் பாவம், என்ன செய்வார்? 100, 500 யென் நாணயங்களை டப்பாவில் சேர்த்து எடுத்துப் போவதே வழக்கம்.

ராத்திரியே வந்து இடம்பிடிக்கத் தடை. முதல் ரயிலில் வந்தாலும் வெட்டவெளியில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். ஆகஸ்ட் வெயிலில் மயங்கி விழுகிறவர்களும் உண்டு. தண்ணீர், உப்பு மிட்டாய், தொப்பி, ஈரத்துண்டு அவசியம். நெரிசலில் குடை அடுத்தவர் கண்ணைக் குத்தும். இதெல்லாம் இருந்தும், முந்தின இரவு தூங்காமல் வெறும் வயிற்றோடு வந்தால் பிரயோஜனமில்லை.

பிடித்த கதாபாத்திரமாக வேஷம் போடலாம். ஆனால் வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வரக்கூடாது. உடை மாற்ற அங்கேயே தனி அறை உண்டு.

மாலையில் 'முடிந்தது' என்ற அறிவிப்பு வந்ததும், வாங்கியவர், விற்றவர் எல்லோரும் கைதட்டுகிறார்கள்.