சேதுபதியின் மாளிகையில் ஒரு முற்பகல்

பிப்ரவரித் திங்களில் நம் குடும்பங்கள் பல ஓரியூருக்குத் திருப்பயணம் மேற்கொள்கின்றன. இராமநாதபுரம் வழியாகச் செல்வோரும் உண்டு. ஆயினும் அந்நகர்க் கோட்டைக்குள் நிற்கும் இராமலிங்க விலாசம் என்னும் பழைய அரண்மனைக்குள் கால்வைத்தவர் சிலரே. சென்ற முறை பரமக்குடியிலிருந்து புறப்பட்ட எம் மக்களை, சற்றுச் சுற்று வழியானாலும், அங்கே அழைத்துச் சென்றேன்.

வழியில் சத்திரக்குடிப் பக்கம் போகலூர் இருக்கிறது. இன்று சிற்றூர், அன்று மறவர் சீமையின் தலைநகர். கிழவன் சேதுபதி என்று பெயர்பெற்ற இரகுநாத சேதுபதி, பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தம் இருக்கையை இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டையும் மாளிகையும் எழுப்பினார். கீழக்கரை வள்ளல் சீதக்காதி அப்பணிக்குத் துணைநின்றார் என்பது வழிவழிச் செய்தி.

மாளிகையின் படிக்கட்டருகே எங்கள் கூட்டத்தில் ஒரு பாட்டியம்மா உட்கார்ந்துவிட்டார். "நம்ம அருளானந்தர் சாமியக் கொல்லச் சொன்னவர் வீடாமே! நான் எதுக்குச் சாமி உள்ளே வரணும்?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று விடை வரவில்லை. அவரை நிழலில் விட்டு, மற்றவர்களுடன் ஏறினேன்.

உயர்ந்த மேடைமேல் நீண்டு கிடக்கும் கட்டடம் அது. முதலில் தூண்கள் வரிசையாக நிற்கும் கொலு மண்டபம். அதன்பின் ஒடுங்கிய இடை மண்டபம். அதற்கும் உள்ளே, பட்டாபிஷேக மேடையாகிய இராமர் பீடம் உள்ள அறை. மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை என்னும் கோயில் அமைப்பே இங்கு அரண்மனையாகியிருக்கிறது. இங்கிலாந்தின் ஹாடன் போன்ற பழைய பிரபுக்களின் மாளிகைகளிலும் பெருங்கூடமும் வழிபாட்டுச் சிற்றாலயமும் உண்டு. ஆனால் அங்கே ஆலயம் மாளிகையின் ஒரு பகுதி மட்டுமே. இங்கோ மாளிகையின் ஒழுங்கே ஆலயத்தின் ஒழுங்கு. சேதுவைக் காக்க இராமபிரானால் அமர்த்தப்பட்டவர் வழியில் வந்தோம் என்பது சேதுபதிகளின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைச் செங்கல்லிலும் சுண்ணாம்புச் சாந்திலும் எழுதிவைத்தார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

சுவர்களையும் வளைவுகளையும் ஓவியங்கள் மூடியிருக்கின்றன. இவற்றைத் தீட்டச் செய்தவர் பின்னர் ஆண்ட முத்து விஜயரகுநாத சேதுபதி (1713-1725). இராமாயண, பாகவதக் கதைகள். தஞ்சை மராத்தியருடன் நடந்த போர். மதுரை விஜயரங்க சொக்கநாத நாயக்கர் சேதுபதிக்கு இரத்தினாபிஷேகம் செய்யும் காட்சி. இராஜராஜேசுவரி அம்மன் தன் கையாலேயே மன்னருக்குச் செங்கோல் வழங்கும் காட்சி. தொப்பியணிந்த ஐரோப்பியரை மன்னர் சபையில் வரவேற்கும் படமும் உண்டு. அதன் முன்தான் நான் நெடுநேரம் நின்றேன்.

ஏனெனில் லிஸ்பன் நகரில் 1647இல் பிறந்த நம் அருளானந்தரும் ஐரோப்பியரே. அவர் இந்நகருக்கு வந்ததோ கைதியாக. 1686இல் சித்திரவதைகளுக்குப் பின் கிழவன் சேதுபதியின் முன் நிறுத்தப்பட்டார். மன்னர் அவரைக் கொல்லவில்லை. இந்நாட்டில் போதிக்கக் கூடாது என்று எச்சரித்து விடுவித்தார். இதை நம்மவர் பலர் மறந்துவிடுகிறோம். பின்னர் அரசுரிமை உடையவராகக் கருதப்பட்ட தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியுடன் மட்டும் வாழத் துணிந்தார். விலக்கப்பட்ட மனைவியருள் ஒருத்தி மன்னரின் உறவுப்பெண், அவள் முறையிட்டாள். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் புனிதரின் தலை வீழ்ந்தது. தலைநகரில் கொல்ல மன்னர் துணியவில்லை. அங்கிருந்த தம் சகோதரரிடம் அனுப்பி, மறைவாக ஆணையிட்டார்.

கடவுளே செங்கோல் தந்தார் என்று நம்பும் அரண்மனையில், மற்றொரு நெறியை ஏற்பது அரசத் துரோகமாகவே தோன்றியிருக்கும். இதனால் அந்தத் தீர்ப்பு நியாயமாகிவிடாது. அந்த மனிதர் எங்கே நின்று சிந்தித்தார் என்பதை மட்டும் அந்தக் கூடத்தில் கண்டேன்.

மேல்மாடி அறை வேறொரு கதை சொல்கிறது. 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சன் வீரபாண்டியக் கட்டபொம்மனை விசாரித்தது இங்கேதான். கைகலப்பு மூண்டது, லெப்டினன்ட் கிளார்க் மாண்டார், கட்டபொம்மன் தப்பினார். அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 1795இல், இவ்வீட்டுக்குரிய முத்துராமலிங்க சேதுபதியைக் கும்பினியார் பதவியிறக்கிச் சிறையிட்டிருந்தனர். அவர் 1809இல் சென்னைக் கோட்டைச் சிறையில் இறந்தார். தீர்ப்பு வழங்கிய வீட்டின் வாரிசும் கைதியானார்.

நாங்கள் இறங்க முற்பட்டபோது பாட்டியம்மா கொலு மண்டபத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். எப்போது ஏறி வந்தாரோ! ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தபடி, "இவ்வளவு அழகா வீடு கட்டத் தெரிஞ்சவருக்கு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு, "பஸ்ஸை எடுக்கச் சொல்லுங்க சாமி, ஓரியூர்ல பூசைக்கு நேரமாயிடும்" என்றார்.