ரயில் ஓடாத சுரங்கம்

ஓஹியோ நதிக்கரையில் இருக்கும் சின்சினாட்டி, நூறாண்டுகளுக்கு முன்பே சுரங்க ரயிலுக்குக் குழி வெட்டிய நகரம். இன்றும் அதன் மக்கள் பஸ்ஸுக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

அதிகாலை மூன்றரை மணிக்கு ஒரு புதிய ஊரில் இறங்குவது புத்திசாலித்தனமல்ல. ஆனால் சிகாகோவிலிருந்து சின்சினாட்டிக்கு ரயிலில் வருவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு வேறு வழியில்லை. 'கார்டினல்' என்ற அந்த ரயில் வாரத்தில் மூன்று நாட்கள் மட்டுமே ஓடுகிறது. மாலையில் சிகாகோவை விட்டுக் கிளம்பி, இண்டியானாவின் சோளக்கொல்லைகளை இருட்டில் கடந்து, ஊர் அயர்ந்து தூங்கும் நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது.

சேர்க்கும் இடம் என்னவோ அரண்மனை. 1933இல் திறக்கப்பட்ட யூனியன் டெர்மினல் நிலையத்தின் பிரம்மாண்டமான அரைக்கோளக் கூரைக்குக் கீழே நின்றால் மனிதன் எறும்பாகிவிடுகிறான். சுவர்களில் வண்ணக் கண்ணாடிச் சில்லுகளால் இழைத்த உழைப்பாளிகளும் குடியேறிகளும் பதினைந்து இருபதடி உயரத்தில் நம்மைப் பார்க்கிறார்கள். ஒரு நாளைக்கு 216 ரயில்கள் வந்துபோகலாம் என்ற கணக்கில் கட்டிய நிலையம் இது. இப்போது, போவதும் வருவதுமாக வாரத்துக்கு ஆறு. மற்ற நேரங்களில் கட்டிடம் அருங்காட்சியகமாகப் பிழைக்கிறது.

என்னோடு இறங்கிய சிலரை உறவினர்கள் காரில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வாடகைக் கார் வர இருபது நிமிடமானது. நகர மையம் எவ்வளவு தூரம் என்று டிரைவரைக் கேட்டேன். "ஒன்றரை மைல்கூட இருக்காது. ஆனால் நடக்க நினைக்காதீர்கள்" என்றார். ஏன் என்றதற்குத் தோளைக் குலுக்கினார். "பாதுகாப்பில்லை."

அடுத்த ஒரு வாரத்தில் அந்த வார்த்தையைப் பலர் வாயிலாகக் கேட்டேன். நகரின் வடக்குப் புறநகரில் இருபது ஆண்டுகளாக வசிக்கும், பூனாவிலிருந்து வந்த என் நண்பர் ஒருமுறைகூட டவுன் பஸ்ஸில் ஏறியதில்லை. காரணம் கேட்டால் அவரும் சொல்வது அதையேதான். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று யாரும் விளக்குவதில்லை. விளக்கம் தெருவிலேயே கிடக்கிறது.

பகல் வெளிச்சத்தில் அந்த ஒன்றரை மைலை நடந்து பார்த்தேன். சாலைக்கு இந்நகரில் வளர்ந்த உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் எஸ்ஸார்ட் சார்லஸின் பெயர். சிறிது தூரத்தில், காலுக்குக் கீழே ஐ-75 நெடுஞ்சாலை இரைகிறது. தெற்கே பார்த்தால் கிடங்குகள், லாரி நிறுத்துமிடங்கள், மீண்டும் கிடங்குகள். ஓர் ஆள் இல்லை. வழிப்பறிக்காரன்கூடப் போரடித்துப் போய்விடுவான்.

இது வெற்றிடமாகப் பிறந்த இடமல்ல. 1950களின் கடைசிவரை இங்கே கென்யன்-பார் என்ற பேட்டை இருந்தது. வீடுகள், சர்ச்சுகள், சலூன்கள், மளிகைக் கடைகள் என நெருக்கியடித்த கறுப்பர் குடியிருப்பு. சேரி ஒழிப்பு, நகர்ப்புறப் புதுப்பிப்பு, நெடுஞ்சாலை என்ற மூன்று பெயர்களில் அது தரைமட்டமாக்கப்பட்டது. 25 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். இடத்துக்குக் குவீன்ஸ்கேட் என்று புதுப்பெயர் சூட்டினார்கள். தெருவில் ஆட்கள் இருந்தவரை அதைச் சேரி என்றார்கள். ஆட்களை அகற்றிய பிறகு அதே தெருவில் நடக்கப் பயமாக இருக்கிறது என்கிறார்கள்.

அந்த நெடுஞ்சாலை வழியே வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள். 1950இல் 5,03,998 ஆக இருந்த நகரின் மக்கள்தொகை 2010இல் 2,96,943. சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தால் 22 லட்சத்துக்கு மேல். அதாவது மக்கள் எங்கும் ஓடிவிடவில்லை. கார் போகும் தூரத்துக்கு நகர்ந்துவிட்டார்கள்.

காருக்கு முன்பு இந்த ஊர் எப்படி நகர்ந்தது? குன்றுகள் சூழ்ந்த ஊர் என்பதால் சரிவில் டிராம்களையே தூக்கிச் செல்லும் இழுவைப் பாதைகள் இருந்தன. ஐந்தில் கடைசிப் பாதை 1948இல் நின்றது. டிராம்கள் 1951இல் நின்றன. நம் சென்னையில் அவை 1953வரை தாக்குப்பிடித்தன.

சுரங்கத்தின் கதை இவை எல்லாவற்றையும் விட விசித்திரமானது. நகரின் நடுவே ஒரு கால்வாய் ஓடியது. படகுகளின் காலம் முடிந்து அது சாக்கடையானதும், தண்ணீரை வடித்துவிட்டு அந்தப் பள்ளத்திலேயே சுரங்க ரயில் விடலாம் என்று தீர்மானித்தார்கள். 1916இல் 60 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்காளர்கள் சம்மதம் தந்தார்கள். முதல் உலகப் போர் குறுக்கிட்டது. 1920இல் வேலை தொடங்கியபோது விலைவாசி எங்கோ போயிருந்தது. இரண்டு மைலுக்குச் சற்று அதிகமான சுரங்கமும் சில நிலையங்களும் தயாரான நிலையில், 1920களின் நடுவில் கஜானா காலி. தண்டவாளம்கூட வாங்க முடியவில்லை. மேலே சென்ட்ரல் பார்க்வே என்ற அகலமான சாலையைப் போட்டு 1928இல் திறந்தார்கள். ஒரே ஒரு பயணியைக்கூட ஏற்றாத ரயிலுக்கு வாங்கிய கடன் 1966இல்தான் அடைந்தது. இப்போது சுரங்கத்துக்குள் குடிநீர்க் குழாயும் தொலைத்தொடர்புக் கேபிள்களும் பயணிக்கின்றன.

ஒரு சுரங்கம் போதாதென்று, ஆற்றங்கரையில் 2003இல் தெருவுக்கு அடியில் பெரிய பஸ் நிலையம் ஒன்றையும் திறந்தார்கள். விளையாட்டுப் போட்டிகள், திருவிழாக்கள் தவிர மற்ற நாட்களில் அங்கே பெரும்பாலும் இருட்டுதான்.

இந்த ஊருக்கு ரயில் ராசி இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. சொந்தமாக ஒரு நெடுந்தூர ரயில் பாதையையே வைத்திருந்த நகராட்சி இது. தெற்கே டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவரை போகும் பாதையை நகராட்சியே கட்டி 1880இல் முடித்தது. அதை ஒரு ரயில் கம்பெனிக்குக் குத்தகை விட்டு ஆண்டுதோறும் வருமானம் பார்த்தது. 2023 நவம்பரில் வாக்காளர்கள் சம்மதிக்க, பாதை அதே கம்பெனிக்கு 160 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. முதலீட்டிலிருந்து வரும் வருமானத்தை ஏற்கெனவே இருக்கும் சாலை, பாலம், பூங்கா போன்றவற்றைச் செப்பனிடத்தான் பயன்படுத்தலாம் என்பது சட்டம். ரயிலை விற்ற பணத்தில் புதிய ரயில் விட முடியாது.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் குடியேறிய ஜெர்மானியர்கள், தங்கள் ஊர் ரைன் நதியின் நினைவாக அப்பகுதியை 'ஓவர்-தி-ரைன்' என்றார்கள். சிவப்புச் செங்கல் வீடுகள், பீர் ஆலைகள், 1855இலிருந்து இயங்கும் ஃபிண்ட்லே மார்க்கெட். ஜெர்மானியர்கள் குன்றேறிப் போனபின் ஏழைகள் வந்தார்கள். கென்யன்-பாரில் வீடிழந்தவர்களில் பலரும் வந்தார்கள்.

2001 ஏப்ரல் 7 அதிகாலை, இப்பகுதியின் சந்து ஒன்றில் டிமதி தாமஸ் என்ற 19 வயது கறுப்பின இளைஞரைத் துரத்திச் சென்ற போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். தாமஸிடம் ஆயுதம் இல்லை. அவர் மீது 14 வாரண்டுகள் இருந்தன. பெரும்பாலானவை சீட் பெல்ட் போடவில்லை, லைசென்ஸ் இல்லை என்பது போன்ற போக்குவரத்து வழக்குகள். ஊர் நான்கு நாட்கள் கொந்தளித்தது. ஊரடங்குச் சட்டம் வந்தது. சுட்ட போலீஸ்காரர் சில மாதங்களில் விடுதலையானார். ஆனால் 2002இல் போலீசும் கறுப்பர் அமைப்புகளும் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் செய்துகொண்ட உடன்படிக்கையைப் போலீஸ் சீர்திருத்தத்துக்கு முன்மாதிரி என்று இன்றும் காட்டுகிறார்கள்.

அடுத்து வந்தது முதலீடு. பெரிய கம்பெனிகளின் ஆதரவுடன் 2003இல் தொடங்கப்பட்ட மேம்பாட்டு நிறுவனம் கட்டிடம் கட்டிடமாக வாங்கிப் புதுப்பித்தது. வாஷிங்டன் பூங்கா 2012இல் புதுக்கோலம் பூண்டது. இன்று வைன் தெருவில் மாலை வேளையில் நாற்காலி பிடிப்பது கஷ்டம். தெரு பாதுகாப்பாகிவிட்டது என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். யாருக்காக என்று கேட்டால் மார்க்கெட் அருகே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சிரித்தார். "நான் பிறந்த தெருவில் இப்போது எனக்கு ஒரு காபி வாங்கவே யோசனையாக இருக்கிறது" என்றார்.

இந்தத் தெருக்களில்தான் டிராம் திரும்பி வந்தது. அதைத் தடுக்க 2009இலும் 2011இலும் வாக்கெடுப்பு. இரண்டு முறையும் டிராம் பிழைத்தது. 2013இல் டிராமை எதிர்த்து மேயரான ஜான் க்ரான்லி பதவியேற்றதும், பாதி தோண்டிய நிலையில் வேலை நிறுத்தப்பட்டது. சில வாரங்களிலேயே கவுன்சில் மனம் மாறியது. 2016 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. சுமார் 14.8 கோடி டாலர் செலவில், 3.6 மைல் வட்டப் பாதை, 18 நிறுத்தங்கள். 2020 முதல் கட்டணம் கிடையாது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் ஏறுகிறார்கள்.

நானும் ஏறினேன். சுத்தம், குளிர்ச்சி, இலவசம். எதிரே ஒருவர் மளிகைப் பையோடு. பக்கத்தில் சுற்றுலா வந்த குடும்பம். நான்காவது நிறுத்தத்துக்கு முன் வண்டி நின்றது. யாரோ ஒரு புண்ணியவான் காரின் பின்பக்கம் தண்டவாளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும்படி நிறுத்திவிட்டுப் போயிருந்தார். டிராமுக்கு ஒதுங்கிப் போகத் தெரியாது. மணியடித்தபடி பத்து நிமிடம் நின்றோம். 14.8 கோடி டாலர் திட்டத்தை ஒரு சக்கரம் மறித்துக்கொண்டிருந்தது.

டிராம் சுற்றுவது நகர மையத்தையும் ஓவர்-தி-ரைனையும். வேலைகளோ புறநகர்க் கிடங்குகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் முதியோர் இல்லங்களிலும் இருக்கின்றன. அங்கே போக பஸ்தான். 2002இல் இலகு ரயிலுக்கும் பஸ்ஸுக்குமாக விற்பனை வரி உயர்வு கேட்டபோது ஹாமில்டன் கவுன்ட்டி வாக்காளர்கள் பெருவாரியாக மறுத்துவிட்டார்கள். 2020இல் மயிரிழையில் சம்மதித்தார்கள். அந்தப் பணத்தில்தான் இப்போது சில தடங்களில் இரவு முழுக்க பஸ் ஓடுகிறது. பஞ்சாபித் தந்தைக்கும் திபெத்திய அகதித் தாய்க்கும் பிறந்து, 2022இல் பதவியேற்ற மேயர் அஃப்தாப் புரேவால் காலத்தில், 2024இல், பஸ் தடங்களை ஒட்டி நெருக்கமாக வீடு கட்ட விதிகள் தளர்த்தப்பட்டன.

ஓர் இரவு ஒன்பதரை மணிக்கு, நகர மையத்திலிருந்து வடக்கே போகும் பஸ்ஸில் ஏறினேன். கட்டணம் இரண்டு டாலர். பயப்படும்படி யாரும் இல்லை. களைத்த முகங்கள், காதில் ஒயர், மடியில் சாப்பாட்டுப் பை. பக்கத்து இருக்கையில் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, முதியோர் இல்லத்தில் இரவுப் பணிக்குப் போகிறவர். முன்பு வேலை முடியும் நேரத்துக்குப் பஸ் இல்லாததால் இந்த ஷிஃப்டையே மறுத்திருக்கிறார். சக ஊழியர் காரில் ஏற்றிக்கொள்ளாவிட்டால் சம்பளத்தில் பாதி வாடகைக் காருக்கு.

2025 ஜூலையில் நகர மையத்தில் நடந்த ஓர் அடிதடி வீடியோவாகி நாடெங்கும் பரவியது. அதைப் பற்றிக் கேட்டேன். பார்த்தாராம். "பஸ்ஸுக்குள் எனக்குப் பயமில்லை. இறங்கியபிறகுதான்" என்றார். திருடர்களா? "இல்லை, கார்கள். நான் இறங்கும் இடத்தைப் பாருங்கள்."

அமெரிக்காவில் வாகனம் மோதி இறந்த பாதசாரிகள் 2009இல் 4,100 பேர். 2022இல் 7,500க்கும் மேல். நம் நாட்டில் அதே ஆண்டு சாலை விபத்துகளில் செத்தவர்கள் 1.68 லட்சம் பேர் என்பதால் அவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்யதை இல்லை. ஆனால் எண்ணிக்கை இப்படி ஏறியதற்குக் காரணங்கள் தெளிவானவை: உயரமான, கனமான வண்டிகள், வேகத்துக்காகவே போடப்பட்ட அகலச் சாலைகள், இருட்டு. சின்சினாட்டி மாநகராட்சி தன் எல்லைக்குள் வேகத்தடைகளும் நடைபாதை நீட்சிகளும் அமைக்கிறது. புறநகர்ச் சாலைகளில் அதன் அதிகாரம் செல்லாது.

அவருடைய நிறுத்தம் வந்தது. ஒரு கம்பம், ஒரு பலகை. நடைபாதை இல்லை; புல்தரை. முன்னும் பின்னும் கண்ணுக்கெட்டியவரை சிக்னல் இல்லை. முதியோர் இல்லத்தின் விளக்குகள் எதிர்ப்பக்கத்தில் தெரிந்தன. இடையில் ஐந்து வரிசைகளில் வண்டிகள் பறந்துகொண்டிருந்தன.

அவர் இறங்கியதும் கதவு மூடும் என்று நினைத்தேன். மூடவில்லை. டிரைவர் எச்சரிக்கை விளக்குகளைப் போட்டுவிட்டு, கண்ணாடியில் பார்த்தபடி இருந்தார். பஸ்ஸில் யாரும் முணுமுணுக்கவில்லை, பழக்கம் போலும். அந்தப் பெண்மணி நடுக் கோடுவரை போய் நின்றார். இரண்டு லாரிகள் போக விட்டு ஓடினார். அந்தப் பக்கம் சேர்ந்ததும் திரும்பி ஒரு கையைத் தூக்கினார்.

டிரைவர் விளக்கை அணைத்தார். "நாலு நிமிடம் லேட்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தார்.