மலைப்பாதையில் மீண்டும்

துவிச்சக்கரவண்டி ஓட்டப் பழகியவன் அதனை மறப்பதில்லை என்பர். அது பாதி உண்மையே. சமநிலையை உடல் நெடுங்காலம் காத்து வைக்கின்றது. மூச்சின் வலிமையையோ பயிற்சி நின்ற சில வாரங்களிலேயே இழக்கத் தொடங்குகின்றது.

பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதை இவ்வேறுபாட்டை ஐயமற உணர்த்தும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் தொடங்கி, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நகரை அடைவது அது. மூன்று ஆண்டு இடைவெளியின் பின் அதில் மீண்டும் ஏறினேன். வளைவுகளைக் கைகள் அறிந்திருந்தன. ஏற்றத்தைக் கால்கள் அறிந்திருக்கவில்லை. புசல்லாவையைத் தாண்டியதும் நெஞ்சு படபடத்தது. றம்பொடை நீர்வீழ்ச்சி கண்ணிற்பட்டபோது இறங்கி வண்டியை உருட்டலானேன்.

அவ்வேளை, கொழுந்துச் சுமையுடன் சரிவில் ஏறிய பெண்ணொருவர் என்னருகே நின்றார்.

"இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சா, தம்பி?"

"மூணு வருசம், அக்கா."

"எங்களுக்கு ஞாயித்துக்கெழம மட்டுந்தான் லீவு" எனச் சிரித்தவாறு அவர் மேலே நடந்தார்.

என் நாவில் எளிதாக வந்த 'இடைவெளி' என்ற சொல்லின் பொருள் அப்போதுதான் துலங்கியது. மலையேற்றம் எனக்கு விளையாட்டு. விரும்பியபோது விடவும் மீண்டும் தொடங்கவும் என்னால் இயலும். அவ்வாறு இயலாதோரின் உழைப்பிலேயே இச்சரிவுகள் பசுமை கொண்டுள்ளன. எஞ்சிய தூரத்தையும் அன்று ஏறி முடித்தேன். ஆயினும் அதனை வெற்றியென எழுத மனம் ஒப்பவில்லை.