ஆரஞ்சுக்கு எதிர்ப்பதிவு

நான் பி.காம். டெபிட் இருந்தால் எதிரே கிரெடிட் இருந்தாக வேண்டும். நிறங்களும் அப்படித்தான்: சிவப்புக்குப் பச்சை, மஞ்சளுக்கு ஊதா, ஆரஞ்சுக்கு நீலம். பக்கத்தில் வைத்தால் இரண்டும் பளிச்; ஒன்றின் மேல் ஒன்று தேய்த்தால் இரண்டும் அடங்கிவிடும். பாரிஸ் கோப்லான் சாயப்பட்டறையில் இருந்த ஷெவ்ரல், கறுப்பு நூல் மங்குகிறது என்ற புகாரைத் துருவி, குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்து நிறத்தில் என்று கண்டார். 1839-ல் புத்தகமே போட்டார்.

பாகூரில் அக்கா மகளுக்கு இதெல்லாம் எதற்கு? விடிந்தால் ஓவியப் போட்டி. கறுப்புப் பென்சில் தீர்ந்துபோச்சு. வில்லியனூர் மண்பானைக்கு நிழல் போட வழியில்லாமல் கண் கலங்கிவிட்டாள்.

"இருட்டுப் பக்கம் நீலத்தை லேசாத் தேய். அதுமேல ஆரஞ்சு. தரையில விழற நிழலுக்கு நீலம் தூக்கலா இருக்கட்டும்" என்றேன்.

தேய்த்தாள். பானை உருண்டையாக எழுந்து நின்றது.

"அப்ப கறுப்பு வாங்க வேணாம்ல?" என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து.