நிறத்தைக் கடைசியில் பார்

மார்ச் 1, 2025, சனி
சமுத்திரம் ஏரியில் தண்ணீர் வற்றத் தொடங்கிவிட்டது. சேற்றோரம் கொக்குகளுக்கு நடுவே நாலைந்து பெரிய பறவைகள். எதிர்வெயிலில் எல்லாமே கருப்பாகத்தான் தெரிந்தன. ஒன்று எழுந்து பறந்தது. கழுத்தை நேராக நீட்டியிருந்தது. கொக்கினம் கழுத்தை மடக்கிக்கொண்டுதான் பறக்கும். அப்படியானால் இது நாரை. எந்த நாரை என்பது நாளைக்கு.

மார்ச் 2, ஞாயிறு
காலையிலேயே கிழக்குக் கரைக்குப் போய், வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றேன். முதலில் அலகு: நீளம், நல்ல கனம், மஞ்சள், நுனி மட்டும் லேசாகக் கீழே வளைந்திருக்கிறது. நத்தைகுத்தி நாரைக்கு அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும்; இதற்கு இல்லை. உயரமும் அதைவிட அதிகம், ஒரு மீட்டரை ஒட்டி வரும். முகத்தில் இறகில்லை, ஆரஞ்சுத் தோல். வெள்ளை மார்பின் குறுக்கே கருப்புப் பட்டை. வாலருகே இளஞ்சிவப்பு இறகுகள். மஞ்சள்மூக்கு நாரையேதான்.

மார்ச் 8, சனி
இரை தேடுவதைப் பார்த்தேன். அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் துழாவுகிறது. காலால் சேற்றைக் கிளறுகிறது. மீன் அலகில் பட்டவுடன் 'டப்' என்று மூடிக்கொள்கிறது. கண்ணுக்கு வேலை குறைவு. கலங்கல் தண்ணீர் தடையே இல்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர், "ஏரி ரொம்பி நின்னா இதுங்க வராது சார், கால் எட்டணும்ல" என்றார்.

கூட்டத்தில் ஒன்று அழுக்குப் பழுப்பு. மார்புப் பட்டையும் இல்லை, இளஞ்சிவப்பும் இல்லை. ஆனால் அதே அலகு, அதே நடை. இளம்பறவை.

மார்ச் 13, வியாழன்
பௌர்ணமி. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்துக்கு வந்த உறவுக்காரப் பையனை மாலையில் ஏரிக்குக் கூட்டிப்போனேன். "ஏன் மாமா கத்தவே மாட்டேங்குது?" என்றான். வளர்ந்த பறவைக்குக் குரல் கிடையாது. கூட்டில் அலகைத் தட்டித்தான் ஓசை எழுப்பும். கூடு பார்க்க வேடந்தாங்கலோ கூந்தன்குளமோ போகவேண்டும்.

அவன் நோட்டில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன்: பறக்கும்போது கழுத்து, அடுத்து அலகு, பிறகு முகம், மார்புப் பட்டை, கடைசியில் இளஞ்சிவப்பு. வெயிலுக்கும் வயதுக்கும் தக்கபடி நிறம் மாறும்; அலகின் வடிவம் அப்படி ஏமாற்றாது. அடுத்த முறை கீழ்நாத்தூர் ஏரியில் அவனே சொல்லட்டும்.